படகு அழுகுதாம்

1

போன கிழமை வேலையிடத்தில் நின்றபோது கைபேசிக்கு அரசாங்கத் தபால் ஒன்று வந்தது. நோர்வேயில் இப்போது அரசாங்கம் கடதாசியில் கடிதம் போடுவது குறைவு. எல்லாம் கைபேசிக்கே வருகிறது. நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். கரட் சீவிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். நான்கே வரி. உங்கள் படகு வானொலியின் பதிவு விவரங்கள் இன்னும் சரியானவையா? கீழே இரண்டு பொத்தான்கள். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் மற்றது. இல்லை என்பதை அழுத்தினால் காரணம் கேட்கும். விற்றது, களவு போனது, பழுதானது, வேறு.

வேறு என்பதைத் தெரிவுசெய்தால் ஒரு பெட்டி திறக்கும். அதற்குள் எழுத வேண்டும். நான் இன்னும் எதையும் அழுத்தவில்லை. அந்தப் பெட்டிக்குள் அடங்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் உள்ளவர்களுக்கு முதலில் ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். இந்த நாட்டில் சொந்தப் படகு வைத்திருப்பது நம் ஊரில் சைக்கிள் வைத்திருப்பது போல. மலைகளுக்கு நடுவே கடல் ஊருக்குள்ளேயே வந்து கிடக்கிறது. படகில், கப்பல்களோடும் கரையோடும் பேசுகிற வானொலி பூட்டினால் அதற்கு ஒன்பது இலக்க எண் ஒன்று வாங்கி உள்ளே பதிய வேண்டும். முதல் மூன்று இலக்கம் எந்த நாடு என்று சொல்லும். மிச்சம், எந்தப் படகு, யாருடையது, ஆபத்தென்றால் கரையில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு. வானொலியில் மூடிபோட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். மூடியைத் திறந்து ஐந்து விநாடி அமத்திப் பிடித்தால், நீங்கள் வாயே திறக்காவிட்டாலும், அந்த எண் காற்றில் போகும். கேட்கும் தூரத்தில் உள்ள கப்பல்களில் எல்லாம் மணி அடிக்கும்.

2

அந்த வானொலி என் மகள் அபிரா தந்தது. தாதியாக வேலை கிடைத்து எடுத்த முதற் சம்பளத்தில் வாங்கினாள். அப்போது எங்களிடம் பதினெட்டு அடி ஃபைபர் படகு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் மீன் பிடிக்கப் போவோம். எனக்குக் கடல் புதிதல்ல. நான் மாங்கேணியில் பிறந்தவன். ஆனால் அவளுக்குப் பயம். "நீங்க தனியப் போனா எனக்கு நெஞ்சு இடிக்குது அப்பா" என்று சொல்லித்தான் அந்தப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

அதைப் பாவிக்கச் சோதனை எழுத வேண்டும். முதல் தடவை நான் சித்தியடையவில்லை. கடலைப் பற்றிய கேள்வியெல்லாம் சரி, மொழிதான் காலை வாரியது. இரண்டாவது தடவை அவள் இரண்டு கிழமை என்னோடு இருந்து படிப்பித்தாள். ஏ என்றால் அல்ஃபா, பி என்றால் பிராவோ என்று, ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. நான் வாய் தடுமாறும்போதெல்லாம் அவள் மேசையில் தட்டுவாள். சின்ன வயதில் அவளுக்கு நான் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தபோது தட்டியது அப்படித்தான்.

எண் எடுக்கும் படிவத்தையும் அவள்தான் நிரப்பினாள். படகின் பெயர் என்ற இடத்தில் மாங்கேணி என்று போடச் சொன்னேன். அதிகாரி ஒருவர் தொலைபேசியில் எழுத்துக் கேட்டபோது, படித்த முறையிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி எழுத்து வந்ததும் அவர் "அழகான பெயர், எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரைக்குப் போகிற வழியில் என்று சொன்னேன். அவருக்கு அது எங்கே விளங்கும்! ஆனாலும் அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை. எங்கள் ஊரின் பெயர் நோர்வேயின் பதிவேட்டில் ஏறிவிட்டது.

கரையில் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் அபிரா தன் பெயரை எழுதினாள்.

3

பிறகு அவள் வடக்கே வேறு ஊருக்குப் போனாள். விமானத்தில் இரண்டு மணித்தியாலம். அங்கே ஒரு நோர்வீஜியப் பொடியனோடு இருக்கத் தொடங்கினாள். நான் கத்தவில்லை, அடிக்கவில்லை. கதைக்காமல் விட்டேன், அவ்வளவுதான். இப்போது யோசித்தால் அதைவிடக் கத்தியிருக்கலாம். தாயோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பாள். எனக்குத் தொலைபேசி எடுப்பதில்லை. ஒரு கோடைக்கு வருவாள் என்று படகைக் கழுவித் துடைத்து வைத்தேன், வரவில்லை. அடுத்த வசந்தத்தில் படகை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு விற்றேன். வானொலியை மட்டும் கழற்றி எடுத்தேன். இடத்தைக் காட்டும் கருவி அதோடு ஒரு வயரால் இணைந்திருந்தது. அதை அவர் படகோடு வேண்டும் என்றார், கொடுத்துவிட்டேன்.

அந்த நாட்களில்தான் என் தங்கச்சி தவத்தின் புருசன் தருமன், மாங்கேணிக் கடலில் இஞ்சின் நின்று அரை நாள் அலைந்துவிட்டு வந்திருந்தான். தருமனும் அவனோடு கூட்டாகத் தொழில் செய்கிற கோணேசனும் ஒரே போட்டில் போகிறவர்கள். தவம் தொலைபேசியில் அழுதாள். "பயப்படாத, ஒரு சாமான் அனுப்புறன்" என்றேன்.

கழற்றிய வானொலியைப் பார்த்துவிட்டு இங்கே கடைக்காரர் தெளிவாகவே சொன்னார். கை மாறுவதென்றால் உள்ளே உள்ள எண்ணை அழிக்க வேண்டும், என்னிடம் தந்தால் செய்து தருவேன், பதிவையும் நீக்குங்கள் என்று. அடுத்த கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொண்டுபோகவில்லை. சோம்பல் பாதி. மீதி, அந்த எண்ணை அழிக்க மனம் வரவில்லை. மாங்கேணி என்ற பெயரும் அவளுடைய பெயரும் அதற்குள்தான் சேர்ந்து இருந்தன.

ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். தருமன் அதைப் போட்டில் பூட்டிவிட்டுத் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், இதுக்கு இஞ்சயும் பதியணுமாம். மீன்பிடிக் கந்தோரில போய்க் கேட்டன். கடதாசி கொண்டு வரச் சொல்றாங்க."

"அதெல்லாம் என்னத்துக்கு? நம்பர் போட்டுத்தான் கிடக்கு."

"அது ஒங்கட நாட்டு நம்பரெல்லோ?"

"கடலுக்கு நாடு இருக்காடா? நீ அந்தச் சிவப்பு பட்டன அமத்து. எங்க இருந்தெண்டாலும் வருவாங்க."

இப்படித்தான் சொன்னேன். வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்குக் கதைக்கும்போது தொண்டையில் ஏறுகிற அந்தக் குரலில் சொன்னேன்.

4

ஐப்பசி மாதம், வாடைக் காற்று தொடங்கும் நேரம். காலை எட்டு மணிக்குச் சமையலறையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். கைபேசியில் அபிராவின் பெயர் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன்.

"அப்பா, உங்கட படகு அழுகுதாம்."

அவளுடைய தமிழ் அப்படி. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது ஃபைபர் படகு மகள். பலகை எண்டாத்தான் அழுகும்."

அவளும் சிரித்தாள். "ஐயோ அப்பா, அந்த அழுகுறது இல்ல. கண்ணீர் வாற அழுகை. ஹெல்ப் கேக்குதாம். கடல் மீட்பு நிலையத்தில இருந்து எனக்கு எடுத்தவங்க. உங்கட பழைய ஃபோன் நம்பர் வேல செய்யல்லயாம். நீங்க கடலிலயா நிக்கிறீங்க?"

"இல்ல மகள், வேலையில நிக்கிறன். படகை வித்துட்டன்."

"எப்ப?"

"வசந்தத்தில."

"எனக்குச் சொல்லல்ல." பிறகு கேட்டாள், "ரேடியோ?"

இந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன்தான், ஆனால் வேறொன்றை. அவள் முதற் சம்பளத்தில் தந்ததைக் கையால் கழற்றி இன்னொருவனுக்குக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு வருடத்துக்கு மேல் கழித்து இப்போதுதான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். படகோடு போய்விட்டது என்றால் அது தற்செயலாக நடந்தது மாதிரி இருக்கும்.

"அதுவும் படகோட போயிட்டு."

"நான் தந்த ரேடியோ."

"ஓம்."

"சரி. அப்பிடியெண்டு அவங்களுக்குச் சொல்றன். ஏதோ பிழையாத்தான் வந்திருக்கும்."

எந்தக் கடலில் கேட்டது என்று நிலையத்தார் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, நோயாளிகளுக்கு நடுவே நின்றாள். நானும் கேட்கவில்லை. அவள் சொன்னதுபோல ஏதோ பிழையாகத்தான் வந்திருக்கும் என்று நானும் நினைத்தேன். தருமன் கடலில் நிற்கக்கூடும் என்ற நினைவு எனக்கு வரவே இல்லை. இதை யாரும் நம்பவேண்டும் என்று எழுதவில்லை. வரவில்லை, அதுதான் உண்மை. மகள் எடுத்தாளே என்ற சந்தோசத்தில் அன்றைக்குக் கஞ்சிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

பதினொரு மணிக்குத் தவம் எடுத்தாள். ஊரில் அப்போது பின்னேரம் இரண்டரை.

"அண்ணன், இவங்க ரெண்டு பேரும் இன்னும் வரல்ல. மத்த நாளில ஒரு மணிக்கெல்லாம் வந்திருவாங்க. காத்து சரியில்ல. எங்கட ஆக்கள் போட்டை இறக்கிறதா பாக்கிறதா எண்டு நிக்கிறாங்க. அந்த ரேடியோவில ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"இறக்கச் சொல்லு! எல்லாப் போட்டையும் இறக்கச் சொல்லு!" என்று சமையலறையில் நின்று கத்தினேன். பிறகு அபிராவுக்கு எடுத்தேன். உண்மையைச் சொல்ல ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. அவள் உடனே வைத்துவிட்டு நிலையத்துக்கு எடுத்தாள்.

காலையில் நடந்ததை அவர்கள் அவளுக்குச் சொன்னார்கள். எங்கள் கிழக்குக் கடலால் போன கப்பலொன்றில் மணி அடித்திருக்கிறது. எண் மட்டும் வந்தது, இடம் காட்டும் கருவி இல்லாததால் இடம் வரவில்லை. கப்பல் கூப்பிட்டுப் பார்த்தது, பதில் இல்லை. எண் நோர்வேயுடையது என்பதால் கேள்வி நோர்வேக்கு வந்தது. படகு விற்றாயிற்று என்று அபிரா சொன்னதை வைத்து, பதிவேட்டில் பார்த்து வாத்தியாரைத் தேடிப் பிடித்தார்கள். படகு தன் வீட்டு முற்றத்தில் தறப்பாளால் மூடிக் கிடக்கிறது என்று அவர் சொன்னார். ஆகவே, படகு பத்திரமாகக் கரையில் இருக்கிறது என்று பதில் போயிற்று.

5

கடலில் நடந்ததைத் தருமன் எனக்கு ஒரே ஒரு தரம்தான் சொன்னான், எட்டு நாளுக்குப் பிறகு. தவமும் பக்கத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவன் யாரோடும் வாய் திறந்ததில்லை என்றாள் அவள்.

ஊர் நேரம் பதினொரு மணியளவில் இஞ்சின் நின்றது. பின்னால் வந்த அலை போட்டுக்குள் விழுந்தது. இரண்டாவது அலையில் முழங்கால் அளவு தண்ணீர். தருமன் மூடியைத் திறந்து பொத்தானை அமத்திப் பிடித்தான்.

"கேட்டுது மச்சான். ஒரு ஆள் இங்கிலீசில கதைச்சது. திரும்பிக் கதைக்க மைக்க எடுக்கக்குள்ள போட் புரண்டுட்டு."

இரண்டு பேரும் புரண்ட போட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது கரை தெரிந்தது. தென்னைகளின் தலை தெரிந்ததாம். கோணேசன் நல்ல நீச்சல்காரன். வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிக்கொண்டு நீந்திப் போய் ஆள் கூட்டி வருகிறேன் என்றான். தருமன்தான் விடவில்லை.

"நான்தான் மச்சான் புடிச்சு வெச்ச. பட்டன் அமத்தியாச்சு, ஆள் கதைச்சாச்சு, இப்ப வருவாங்க எண்டன். எங்க இருந்தெண்டாலும் வருவாங்க எண்டன்."

என் வசனத்தை அவன் எனக்கே சொன்னான். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு அது என் வசனம் என்ற நினைவே இல்லை.

ஒரு மணிக்குப் பிறகு நீரோட்டம் அவர்களை வெளியே இழுத்தது. கரை மறைந்தது. கோணேசனுக்கு விரல்கள் விறைத்தன. தருமன் கயிற்றால் அவனைப் போட்டோடு சேர்த்துக் கட்டினான். வடக்கே கதிரவெளி ஊர்ப் போட் ஒன்று நான்கு மணிக்கு அவர்களைக் கண்டது. அதற்கு அரை மணி முந்தித்தான் கோணேசனின் தலை சரிந்து உயிர் போனதாம்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஊர்நேரம் பதினொன்றரைக்கே செய்தி மாங்கேணிக்குப் போயிருக்கும். அப்போது கரை தெரிகிற தூரத்தில்தான் கிடந்தார்கள். இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் விடை மாறுவதில்லை.

6

அபிரா ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். அந்தப் பொடியனும் வந்தான். அமைதியானவன், சப்பாத்தை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்தான். இவனுக்காக மகளோடு கதைக்காமல் இருந்ததாலா இவ்வளவும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அபிரா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"அந்தப் பொய்ய அவங்களுக்குச் சொன்னது என்ட வாய், அப்பா."

நீ என்ன செய்வாய், உனக்குத் தெரியாதே என்றேன். "தெரியாதுதான். ஆனா என்ட குரல்" என்றாள். போகும்போது வாசலில் வைத்துக் கேட்டாள், "அந்த அன்ரிக்குச் சொல்லிட்டீங்களா?"

அன்ரி என்றது கோணேசனின் மனைவி ராணியை. நான் சொல்லவில்லை. சாமான்கள் அனுப்பியிருந்தேன், பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ராணி தொலைபேசியில் "ஒங்களப் போல ஆர் அண்ணன் இருக்கா" என்று சொல்லும்போதெல்லாம் கைபேசி கையில் சுட்டது. ஒரு வருடம் அப்படியே போயிற்று. ஆண்டுத் திவசத்துக்குப் போய் நேரிலேயே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மாங்கேணியில் இறங்கிய அன்றே என் முடிவைத் தவத்திடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"வேணாம் அண்ணன். சொல்லாதீங்க."

"சொல்லாட்டி எனக்கு மனசு ஆறாது தவம்."

"ஒங்களுக்கு ஆறும். அவளுக்கு..." என்று தொடங்கினாள். யாரோ திவசத்துச் சாமானோடு உள்ளே வந்தார்கள். அவள் எழுந்து போனாள். நான் திரும்பக் கேட்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டும் என்பதிலேயே நின்றேன்.

திவசம் முடிந்த மறுநாள் காலை ராணியின் வீட்டுக்குப் போனேன். தருமன் வீட்டிலிருந்து மூன்றாவது வளவு. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்விட்டன. என்னைக் கண்டதும் பலகையைத் தட்டி இருக்கச் சொன்னாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணைச் சொன்னேன், மகளின் அழைப்பைச் சொன்னேன், என் பொய்யைச் சொன்னேன். "ராணி, பதினொரு மணிக்கே தருமன் பட்டன் அமத்தினவன். நான் ஒழுங்காச் சொல்லியிருந்தா உடனே போயிருப்பாங்க" என்றேன்.

ராணியின் கை இடியப்ப உரலின் மேல் நின்றது.

"உடனே போயிருந்தா?"

"ரெண்டு பேரையும் உயிரோட எடுத்திருக்கலாம்."

"கதிரவெளி ஆக்கள் கண்டது நாலு மணிக்கெல்லோ."

"ஓம்."

"அப்ப அதுவரைக்கும் அவர் உயிரோடயா கிடந்த?"

எனக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

"தவமக்கா சொன்னா, போட் புரளக்குள்ள தலையில அடிபட்டு அந்த இடத்திலயே போயிட்டாரெண்டு" என்றாள் ராணி. "ஒண்டும் அறிஞ்சிருக்க மாட்டாரெண்டு சொன்னா. நான் அத நம்பித்தான் நித்திரை கொள்றன்." பிறகு விரலை மடக்கினாள். "பதினொண்டு. பன்ரெண்டு. ஒண்டு. ரெண்டு. மூண்டு."

"ராணி" என்றேன். அவள் கேட்கவில்லை. மாவு பூசிய கையோடு எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு, தருமன் வீட்டுப் பக்கம் நடந்தாள். வேலிக்கு மேலால் பார்த்தேன். தருமன் மாமரத்தின் கீழ் வெறும் தரையில் இருந்தான். அவள் அவனுக்கு முன்னால் போய் இருந்தாள். தவம் ஓடி வந்து ஏதோ சொன்னாள். பிறகு தவமும் அவர்களுக்குப் பக்கத்தில் குந்தினாள். தருமனின் வாய் அசைவது தெரிந்தது. ஒரு வருடமாகப் பேசாதவன் பேசினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அடுப்பில் தட்டுகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. அடிப் பிடித்துவிடும் என்று இறக்கி வைத்தேன். நான் செய்யக்கூடியதாக அங்கே அது ஒன்றுதான் இருந்தது.

வெயில் முற்றத்துக்கு வந்த பிறகு ராணி திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. உரலைக் கையில் எடுத்து மாவை நிரப்பினாள்.

"கதைச்சுக்கொண்டுதான் கிடந்தவங்களாம். மூத்தவள மட்டக்களப்பில விட்டுப் படிப்பிக்கிறதா, இஞ்சயே வெச்சிருக்கிறதா எண்டு கேட்டாராம். தருமண்ணன் அனுப்பச் சொன்னாராம். அதுக்கு இவர், ராணியிட்டக் கேட்டுத்தான் எண்டு சொன்னாராம்."

இரண்டு தட்டுப் பிழிந்தாள். நான் நின்றேன்.

"நீங்க சொல்லாட்டி இது எனக்குத் தெரிஞ்சிராது" என்றாள். அதை அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வாறன் என்று சொன்னேன். வந்தவரைப் படலை வரைக்கும் கூட வந்து வழியனுப்புகிற ஊர் எங்களுடையது. நான் முற்றத்தைக் கடந்து, படலையைத் திறந்து, வெளியே வந்து, நானே சாத்தினேன்.